இன்னும் மீன் விடவில்லை

மூடிப்போன செல்போன் கடையின் கவுன்ட்டர் கண்ணாடியை
அறுத்து ஒட்டித் தந்தான் கழனிவாசல் கடைக்காரன்.
இரண்டரை அடி நீளம்.
எக்ஸ்ரே அறைக்கு வெளியே, டோக்கன் மேசையை ஒட்டி
வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.
கரண்ட் பில் என் கணக்கு.

அடியில் செம்புரான்கல் பொடி.
இந்த ஊரில் அதற்கு அலைய வேண்டாம்.
கிணறு வெட்டினாலும் பைக் சறுக்கி விழுந்தாலும்
கையில் ஒட்டுவது அதுதான்.
மேலே மணல். எட்டுத் தண்ணி அலசியும்
ஒன்பதாவதும் கலங்கியே வந்தது. விட்டுவிட்டேன்.

மூன்று கல் நட்டேன்.
நடுவில் பெரியது, இரண்டு பக்கமும் சமமாக ஒவ்வொன்று.
ஸ்டூடியோவில் நிற்கும் குடும்பம்போல
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

டோக்கன் பதினேழு, முத்திருளன்,
கோட்டையூரில் சாரத்திலிருந்து விழுந்த கொத்து வேலைக்காரன்.
வீங்கிய மணிக்கட்டை மார்போடு அணைத்தபடி எழுந்து வந்தான்.
“அக்கா, கல்லுக்கு ரேகை இருக்குல்ல.
மூணும் மூணு பக்கம் பாக்குது.”
இடது கையை மட்டும் விட்டு
பெரியதை ஓரம் தள்ளிச் சாய்த்தான்,
சின்னதைப் பாதி புதைத்தான்,
மூன்றாவதை வெளியே எடுத்து வைத்தான்.
“இது வேணாம்.”
அப்புறம்தான் வலது கையைப் படம் எடுத்தேன்.
ஆரை எலும்பில் ஒரு மெல்லிய ரேகை,
அதுவும் சாய்ந்துதான் இருந்தது.

டிரெஸ்ஸிங் தட்டின் இடுக்கியால் ஒவ்வொரு செடியாக.
பின்னால் வாலிஸ்நேரியா, முன்னால் கிரிப்டோ,
கல்லிடுக்கில் தையல் நூலால் கட்டிய ஜாவா பாசி.
போர் தண்ணிக்கு மீட்டர் ஆயிரத்து நூறு காட்டியது.
இரண்டு கேனுக்கு ஒரு குடம் என்று கலந்து,
ஒரு தட்டை மணலில் கவிழ்த்து
தட்டின் முதுகில் ஊற்றினேன்,
உறங்கும் ஒருவரைத் தாண்டிப் போவதுபோல.

நான்காம் நாள் தண்ணீர் வெளுத்தது,
மூச்சடக்காதவரின் நெஞ்சுப் படமாக.
கிரிப்டோ இலைகள் கரைந்து தொங்கின.
பிடுங்கவில்லை. வேர் இடம் பார்த்துக்கொண்டிருக்கும்.
தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்த முதல் மாதம்
எனக்கும் இப்படித்தான் முடி கொட்டியது.

லேபிலிருந்து சேவுகப்பெருமாள் வந்து
ரத்தம் எடுக்கும் குழாயில் தண்ணீர் மொண்டு போனார்.
சீட்டு வந்தது: பெயர், தொட்டி. வயது, பன்னிரண்டு நாள்.
அம்மோனியா உண்டு. நைட்ரைட் ஏறுகிறது.
பேஷன்ட் யாரையும் பார்க்கக் கூடாது.

ஆனால் எல்லோரும் பார்த்தார்கள்.
“மீன் எங்க?”
“செத்துப்போச்சா?”
“சும்மா தண்ணிக்கா இத்தனை லைட்டு?”
கண்டனூர் அம்மாள் ஒருத்தி
என் கழுத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்து
“எப்பத்தான் விடப் போறே?” என்றாள்.
பதினொரு வருடமாக
வேறு சொல்லில் கேட்டுப் பழகிய கேள்வி.
“உள்ளே வாங்க. வளையலைக் கழட்டுங்க.
அசையாம நில்லுங்க.”

முப்பத்தோராம் நாள், இரவு டியூட்டி முடியும் நேரம்
விளக்கைப் போட்டேன்.
கண்ணாடியில், உள்பக்கம், கடுகளவு ஒரு நத்தை.
ஏதோ செடியில் முட்டையாக வந்திருக்க வேண்டும்.
யாரும் கூப்பிடவில்லை. டோக்கனும் இல்லை.
ஓட்டுக்குள் துடிப்பது வெளியிலிருந்தே தெரிந்தது,
என் மெஷின் தேவைப்படவில்லை.
“எடுத்துப் போடுங்க மேடம், நூறாகும்” என்றார் சேவுகப்பெருமாள்.
ஆகட்டும் என்றேன்.

கட்டுப் பிரித்த அன்று முத்திருளன் வந்தான்.
மூன்றாவது கல் டோக்கன் சீட்டுகளின் மேல் இருந்ததைப் பார்த்துச் சிரித்தான்.
மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
“விடலாமாக்கா?” என்றான், கையைத்தான்.
ஆறு வாரம் வெயில் படாமல்
வெளுத்துச் சூம்பியிருந்த வலது கை
மெதுவாக உள்ளே இறங்கியது.
மணிக்கட்டு மடங்கியது.
கரைந்துபோன கிரிப்டோவின் அடியில்
புதிதாகச் சுருண்டிருந்த இலையைத் தொடாமல்
பழைய இலை ஒன்றை மட்டும் கிள்ளிக்கொண்டு
மேலே வந்தது.